மண்ணைக் காக்கும் மாற்றத்துக்கு நாம் ஏன் தயங்குகிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் நாங்கள் கூட்டெருத் திட்டமொன்றை நடத்தினோம். எருக்கிடங்கு வெட்டும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மண்வெட்டியும் சிறுதொகைப் பணமும் வழங்கப்பட்டன. மூன்று மாதங்களுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட கிடங்குகள் வெட்டப்பட்டன. நாங்கள் படம் பிடித்தோம், அறிக்கை எழுதினோம், திட்டம் வெற்றி என்று மகிழ்ந்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவ்வழியால் சென்றபோது பெரும்பாலான கிடங்குகளில் குப்பையும் பொலித்தீனும் கிடந்தன. ஒன்றில் வாழைக்குட்டி நட்டிருந்தார்கள்.

வயதான ஒரு தாயாரிடம், "ஏனம்மா கிடங்கு இப்பிடிக் கிடக்குது?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சுவாமி, நீங்கள் கிடங்குக்குத்தானே காசு தந்தனீங்கள், நாங்கள் கிடங்கு வெட்டித் தந்திட்டம். எருவுக்கு மாடு எங்க? இன்னொண்டும் சொல்லுறன். இந்தக் காணி எங்கட இல்லை. இண்டைக்கு நாங்கள் எருப் போட்டு மண்ணைத் திருத்தினால், நாளைக்குக் காணிக்காரன் வந்து கூடக் குத்தகை கேப்பான்."

அன்று எனக்குச் சற்றுக் கோபம் வந்தது. 'இந்தச் சனத்தைத் திருத்தவே முடியாது' என்றும் மனதில் எண்ணினேன். ஆனால் பின்னர் ஆறுதலாக யோசித்தபோது, சமூகவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அந்த அம்மா நான்கு வசனங்களில் சொல்லிவிட்டார் என்பது விளங்கிற்று. சூழலைக் காக்கும் மாற்றங்களை ஒரு சமூகம் ஏன் எதிர்க்கிறது, அல்லது ஏற்றபின் ஏன் கைவிடுகிறது என்பதை அவருடைய பதிலின் வழியே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாம் மாற்றத்தை வெறுப்பவர்களா?

"கமக்காரன் பழமைவாதி, புதியதை ஏற்கமாட்டான்" என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. எங்கள் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் துலா மிதித்தே தண்ணீர் இறைத்தார்கள். 1950களிலும் 1960களிலும் மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபோது, நகையை அடைவு வைத்தும் அவற்றை வாங்கினார்கள். பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1958 இல் எச்-4 என்ற புதிய நெல்லினம் வெளிவந்தபோது நாடெங்கும் அதை விதைத்தார்கள். 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், படித்த இளைஞர்கள்கூட விசுவமடு, முத்தையன்கட்டு என்று வன்னிக்குச் சென்று காடு வெட்டி மிளகாய் நட்டார்கள். இவர்களை மாற்றத்தின் எதிரிகள் என்று எவ்வாறு சொல்லலாம்?

அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் றொஜர்ஸ், புத்தாக்கங்கள் மக்களிடையே பரவும் விதம் பற்றி 1962 இல் ஒரு நூல் வெளியிட்டார். புதிய முறையொன்றைக் காணும் மனிதன் தன் மனதுக்குள் ஐந்து கேள்விகளைக் கேட்கிறான் என்று அவருடைய கருத்தைச் சுருக்கலாம். இப்போது செய்வதிலும் பார்க்க இதில் எனக்கு நன்மை உண்டா? என் வழக்கத்தோடு இது ஒத்துப்போகுமா? விளங்கிக்கொள்ள இலகுவானதா? சிறிய அளவில் செய்து பார்க்கலாமா? பலனைக் கண்ணால் காணலாமா?

நீரிறைக்கும் இயந்திரத்தை இக்கேள்விகளில் வைத்துப் பாருங்கள். அயலவன் தோட்டத்தில் இயந்திரம் வேலைசெய்வதை ஒரு காலையிலேயே கண்ணால் காணலாம். யூரியாவும் அப்படியே: போட்டுச் சில நாட்களில் பயிர் கறுத்து நிற்கும். சேதனப் பசளையோ மண்ணை மெதுவாகவே திருத்துகிறது. பலன் தெரியச் சில போகங்கள் செல்லும். மண்ணில் ஏறும் உக்கலைக் கண்ணால் காணமுடியாது. கிணற்றுக்குள் இறங்காமற்போன நஞ்சை எவரும் காண்பதில்லை. ஆகவே சூழலைக் காக்கும் முறைகள் இந்த ஐந்து கேள்விகளில் பலவற்றில் தோற்றுவிடுகின்றன. குறை மக்களின் புத்தியில் இல்லை. பலன் தாமதமாகவும் மறைவாகவும் வருவதே காரணம்.

பலன் வெளிப்படையாக உள்ள மாற்றங்களுக்கும் காலம் தேவை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை 1928 அளவில் கமக்காரரிடம் வந்தது. அது கூடுதல் விளைச்சல் தந்த விதை. றையன், குறொஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கு 259 கமக்காரரை விசாரித்து 1943 இல் ஆய்வை வெளியிட்டார்கள். 1941 அளவில் இருவரைத் தவிர எல்லோரும் அவ்விதைக்கு மாறியிருந்தனர். அதாவது நல்ல லாபம் தந்த விதைக்கே ஏறக்குறைய 13 ஆண்டுகள் சென்றன. அவர்களிற் பலர் முதலில் ஒரு சிறு துண்டில் விதைத்துப் பார்த்து, பின்னரே மெல்ல மெல்லக் கூட்டினார்கள். இந்த 13 ஆண்டுக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் நாட்டுக்கு வருவோம்.

இரண்டு தடைகள் கற்பித்த பாடம்

முதலாவது தடை போர்க்காலப் பொருளாதாரத் தடை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யூரியா, எரிபொருள், மின்கலம் முதலிய பல பொருட்கள் வடக்குக்கு வருவது தடுக்கப்பட்டது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். கொட்டிலில் கிடந்த துலாவை என் தகப்பனார் மீண்டும் நிறுத்தியதும், பூவரசங் குழையும் கிளிசரியாக் குழையும் வெட்டித் தறையில் தாழ்த்தியதும் நினைவிலிருக்கின்றன. ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைக்க ஆட்கள் முறைவைத்துக் காத்திருந்தார்கள். இன்று 'இயற்கை விவசாயம்' என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதை அன்று பல குடும்பங்கள் செய்தன. ஆனால் அது விரும்பிச் செய்ததன்று. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்து, லொறிகளில் உரமும் மருந்தும் தாராளமாக வந்தபோது, துலாக்கள் விறகாயின. பத்தாண்டு அனுபவம் சில மாதங்களில் கைவிடப்பட்டது.

இரண்டாவது தடை 2021 இல் வந்தது. அவ்வாண்டு மே மாதம் 6 ஆம் திகதிய வர்த்தமானி மூலம் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இந்நாட்டில் 1962 முதல் உரமானியம் இருந்துவந்தது. 2005 இல் நெற்செய்கைக்கு 50 கிலோ உரமூடை 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அரசே மலிவாகக் கொடுத்துப் பழக்கிய ஒன்றை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள்.

இதில் ஓர் எளிய கணக்கு மறக்கப்பட்டது. யூரியாவில் 46 வீதம் நைதரசன் உண்டு. ஒரு மூடையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் ஒன்று அல்லது இரண்டு வீதமளவில்தான் உண்டு. ஆகவே ஒரு மூடை யூரியாவிலுள்ள நைதரசனைக் கொடுக்க ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதுவும் உடனே பயிருக்குக் கிடைக்காது. உக்கி உக்கித்தான் கிடைக்கும். அத்தனை எருவுக்கு மாடு எங்கே, குழை எங்கே, ஏற்றியிறக்க ஆள் எங்கே? ஆறு மாதங்களில் இதை யாரால் செய்யமுடியும்?

2021 நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டது. ஆயினும் காலபோகம் கெட்டுவிட்டது. 2022 இல் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய ஆண்டிலும் பார்க்க ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இங்கு கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. 2021 யூலையில் கொழும்பிலுள்ள வெரிட்டே ஆய்வு நிறுவனம் கமக்காரரிடம் கருத்துக் கேட்டது. சேதனப் பசளைக்கு மாறும் நோக்கத்தை 64 வீதமானோர் ஆதரித்தனர். ஆதரித்தவர்களில் பெரும்பாலானோர், ஏறக்குறைய பத்துப்பேரில் எட்டுப்பேர், ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட கால அவகாசம் வேண்டும் என்றார்கள். அவர்கள் மாற்றத்தை எதிர்க்கவில்லை. மாற்றம் வந்த விதத்தையே எதிர்த்தார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

கட்டாயத்தால் வந்தது கட்டாயத்தோடு போய்விடுகிறது. எங்கள் எருக்கிடங்கு காட்டியதுபோல, காசால் வந்தது காசோடு போய்விடுகிறது. இவ்விரண்டிலும் மக்கள் தாங்களாக முடிவெடுக்கவில்லை. ஆகவே அந்த மாற்றம் அவர்களுடையதாகவில்லை.

தயக்கத்தின் காரணங்கள்

முதலாவது, பசியின் பயம். ஜேம்ஸ் ஸ்கொட் என்ற அறிஞர் தென்கிழக்காசியக் கமக்காரரைப் பற்றி 1976 இல் எழுதிய நூலில் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். நூலிழையில் வாழும் குடும்பம் கூடுதல் லாபத்தைத் தேடுவதில்லை. ஒருபோதும் பட்டினிக்குள் விழாமலிருப்பதையே தேடுகிறது. வசதியுள்ளவருக்கு ஒரு போகம் பிழைத்தால் அது நட்டம். எங்களுக்கு ஒரு போகம் பிழைத்தால் நகை போகும், பிள்ளையின் படிப்பு போகும், கடன் ஏறும். எனவே இருபதாண்டுகளுக்குப் பின் மண் கெடும் என்ற எச்சரிக்கையிலும் பார்க்க, வருகிற மாதம் கட்டவேண்டிய நுண்கடன் தவணை உரத்துக் கேட்கிறது. இது மூடத்தனமன்று; கணக்கு.

இரண்டாவது, நிலத்தின் உறுதியின்மை. அந்த அம்மா சொன்னதும் இதுவே. தென்னை நடுபவனும், வேலியில் பூவரசு ஊன்றுபவனும், மண்ணுக்கு எருவிடுபவனும் பல ஆண்டுகளுக்குப் பின் வரும் பலனை நம்பியே அதைச் செய்கிறார்கள். அந்தப் பலன் தனக்கு வருமென்ற உறுதி இல்லாதவன் இவ்வருடம் எடுக்கக்கூடியதை இவ்வருடமே எடுப்பான். வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டுவந்த காணிகள் யாவும் இன்னும் விடுவிக்கப்படவில்லை. அனுமதிப்பத்திரம் தொலைந்தவர்கள், தகப்பன் பெயரிலுள்ள உறுதியை மாற்றமுடியாதவர்கள், குத்தகைக் காணியில் காலந்தள்ளுபவர்கள் எங்களிடையே பலர். இவர்களிடம் 'மண்ணை வளப்படுத்துங்கள்' என்று மட்டும் சொல்வது அரைப்பேச்சு. காணிக்கான பத்திரமும் ஒரு சூழற் பாதுகாப்புத் திட்டமே என்பதை அதிகாரிகளும் நாங்களும் உணரவேண்டும்.

மூன்றாவது, அறுந்துபோன அறிவும் பொருளும். இடம்பெயர்ந்தபோது மாடு போயிற்று, உயிர்வேலி போயிற்று, குழை வெட்டிய மரங்கள் போயின. அவற்றோடு பழக்கமும் போயிற்று. முகாமில் வளர்ந்த பிள்ளை, பட்டி அடைப்பதையோ குழை தாழ்ப்பதையோ கண்டதில்லை. இன்று அவன் இளம் குடும்பஸ்தன். அவனுக்கு 'பழைய முறைக்குத் திரும்பு' என்பது புதிய முறையைக் கற்பது போன்றதே.

நான்காவது, சங்கிலி. வில்லியம் ஒக்பேர்ன் என்ற சமூகவியலாளர் 1922 இல் 'பண்பாட்டுப் பின்னடைவு' என்ற கருத்தை முன்வைத்தார். கருவிகளும் பொருட்களும் விரைவாக மாறுகின்றன. அவற்றை ஆளவேண்டிய வழக்கங்கள், விதிகள், நிறுவனங்கள் பின்தங்கி வருகின்றன என்பதே அதன் சாரம். எங்களிடம் இயந்திரமும் மருந்தும் வந்தன. அவற்றைச் சுற்றி ஒரு வாழ்க்கை முறையும் வளர்ந்துவிட்டது. மருந்துக்கடை முதலாளி உரத்தைக் கடனுக்குத் தருகிறார். விளைந்ததும் கடனைக் கட்டவேண்டும். சந்தையில் தரகர் ஓட்டை விழுந்த கத்தரிக்காயைத் தள்ளிவைக்கிறார். கறுத்து நிற்கும் பயிரைக் கண்டு அயலவர், "நல்ல தோட்டக்காரன்" என்கிறார்கள். மஞ்சளாய் நின்றால், "இவனுக்கு என்ன நடந்தது?" என்கிறார்கள். ஒருவர் தனியே மாற விரும்பினாலும் இந்தச் சங்கிலி அவரை இழுத்துப் பிடிக்கிறது. சங்கிலியின் மேல் வளையங்களில் இருப்பவர்களுக்கு, அதாவது விற்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும், மாற்றம் வராதிருப்பதில் லாபம் உண்டு. எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது கமக்காரனை மட்டும் சுட்டுவது நீதியன்று.

ஐந்தாவது, நம்பிக்கையின்மை. எங்கள் மக்களிடம் எத்தனையோ திட்டங்கள் வந்து போய்விட்டன. பதிவு எடுத்தார்கள், கூட்டம் வைத்தார்கள், பெயர்ப்பலகை நட்டார்கள், போனார்கள். நாங்களும் அவர்களில் ஒருவராக இருந்தோம். மீண்டும் ஒருவர் வந்து 'மாறுங்கள்' என்றால், 'இவர் எத்தனை மாதம் இருப்பார்?' என்று மக்கள் நினைப்பது இயல்பு.

கிணறு கேட்கும் கேள்வி

இக்காரணங்களெல்லாம் நியாயமானவை. ஆயினும் நியாயமான காரணங்கள் இருப்பதால் ஆபத்து நின்றுவிடுவதில்லை.

யாழ். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. அந்த மெல்லிய நன்னீர் வில்லையே குடாநாட்டின் சொத்து. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறுகிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியா, நைத்திரேற்றாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்குகிறது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அதுவே இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் அளவு. தோட்டச்செய்கை மிகுந்த பகுதிகளிற் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியுள்ளதை 1980களிலிருந்து ஆய்வுகள் காட்டிவருகின்றன. இத்தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். இதைத் தாய்மார் அறிந்திருப்பது அவசியம்.

பொதுச் சொத்து ஒவ்வொருவரின் தன்னலத்தால் அழியும் என்று காரெட் ஹார்டின் 1968 இல் எழுதினார். மேய்ச்சல் தரையில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூட்டினால் லாபம் அவருக்கு, நட்டம் எல்லோருக்கும். ஆகவே தரை அழியும் என்பது அவர் வாதம். எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார் 1990 இல் வெளியிட்ட நூலில், பல நாடுகளில் கிராமத்தவர்கள் தாங்களே விதி வகுத்து, தாங்களே கண்காணித்து, காட்டையும் நீரையும் நூற்றாண்டுகளாகக் காத்துவருவதை எடுத்துக்காட்டினார். 2009 இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னது எங்களுக்குப் புதிதன்று. பழைய உறுதிகளைப் பாருங்கள். கிணற்றிலும் வாய்க்காலிலும் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று எழுதப்பட்டிருக்கும். யார் எந்த நாள் இறைப்பது என்ற முறை உண்டு. முறை தவறினால் கேட்க ஆள் உண்டு. ஆகவே கிணற்றிலிருந்து எடுப்பதற்கு எங்களிடம் விதி இருந்தது. கிணற்றுக்குள் இறங்குவதற்கோ எங்களிடம் விதியில்லை. அக்காலத்தில் அது தேவைப்படவில்லை. இன்று தேவை. அந்த விதியைக் கொழும்பு எழுதமுடியாது, பங்குகாரர்தான் எழுதவேண்டும்.

மாற்றம் நிலைத்த இடங்கள்

இந்தோனேசியாவில் 1970களில் நெல்லுக்குப் பூச்சிமருந்து பெருமளவு மானியத்துடன் கொடுக்கப்பட்டது. மருந்து கூடக்கூடக் கபிலநிறத் தத்தியும் கூடிற்று. தத்தியைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றது. தண்டுக்குள் இருந்த தத்தி முட்டைகளோ தப்பின. 1986 இல் அரசாங்கம் 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பாவிப்பதைத் தடைசெய்தது. மானியத்தையும் சில ஆண்டுகளில் நிறுத்தியது. தடையோடு மட்டும் அவர்கள் நிற்கவில்லை. 1989 முதல் கமக்காரர் வயற்பள்ளிகளை நடத்தினார்கள். ஏறக்குறைய 25 பேர் கிழமைக்கு ஒருமுறை, ஒரு போகம் முழுவதும், வயலிலேயே கூடினார்கள். பூச்சிகளை எண்ணினார்கள். சிலந்தி தத்தியைப் பிடிப்பதைத் தங்கள் கண்ணால் கண்டார்கள். எப்போது மருந்து வேண்டும், எப்போது வேண்டாம் என்று தாங்களே தீர்மானித்தார்கள். பத்தாண்டுகளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பள்ளிகளில் பயின்றனர். எங்கள் நாட்டுத் தடை கமக்காரனின் கையிலிருந்ததைப் பறித்து வெறுங்கையோடு விட்டது. அவர்களுடைய தடை தீங்கானதை எடுத்து, அதனிடத்தில் அறிவை வைத்தது.

எங்கள் நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்கால்கள் தூர்ந்து, கடைமடைக்குத் தண்ணீர் போகாமல், சண்டைகள் நிறைந்திருந்தன. அங்குள்ளவர்கள் ஒற்றுமைப்படவே மாட்டார்கள் என்று அதிகாரிகள் எண்ணியிருந்தார்கள். 1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களை அங்கு அனுப்பின. அவர்கள் கிராமத்திலேயே தங்கினார்கள். கட்டளையிடவில்லை, பணம் கொடுக்கவில்லை. வீடுவீடாகப் போய்ப் பிரச்சினையைக் கேட்டு, வாய்க்காலுக்கு ஒரு சிறு குழுவாகக் கூடச்செய்தார்கள். அவ்வாண்டு குளத்தில் காற்பங்கு நீரே இருந்தது. ஆயினும் சில வாரங்களில் பெரும்பாலானோர் வாய்க்காலைச் சிரமதானமாகத் துப்புரவாக்கி, முறைவைத்துப் பாய்ச்சி, மிஞ்சிய நீரைக் கீழே விட்டார்கள். மேல்மடையில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைமடையில் தமிழர் பலர். அந்தக் கெட்ட காலத்திலும் தண்ணீர் கீழே போயிற்று.

இவ்விரு இடங்களிலும் பொதுவாக இருந்தவை நான்கு: சிறு குழு, கண்ணால் காணும் பரீட்சை, போதிய காலம், முடிவெடுக்கும் உரிமை.

எங்கே தொடங்கலாம்?

முழுத் தோட்டத்தையும் மாற்றச் சொல்லி இனி நான் எவரையும் கேட்கமாட்டேன். ஒரு பரப்பில் ஒரு மூலையில் நான்கு பாத்தியை மட்டும் வேறாக விடுங்கள். அதில் யூரியாவை ஒரு பங்கு குறைத்து, கிடைக்கும் குழையைத் தாழ்த்துங்கள். மற்றப் பாத்திகளின் விளைச்சலோடு நிறுத்துப் பாருங்கள். தோற்றால் நான்கு பாத்தியோடு போகட்டும். வென்றால் அடுத்த போகம் எட்டாகும்.

இதை ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து செய்யுங்கள். அப்போது நட்டம் பகிரப்படும், கேலியும் பகிரப்படும். கிணற்றுப் பங்குகாரர் சேர்ந்து தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எண்ணைக் கண்டபின் பேச்சு மாறும். கிளிசரியாத் தடிகளை வேலியில் ஊன்றுங்கள். மாடில்லாதவருக்கு அதுவே முதல் எருக்கிடங்கு. குத்தகைக் காணியில் உள்ளவர்கள், எருவிட்ட காணியைக் குறைந்தது மூன்று போகங்களுக்கு அதே குத்தகையில் விடும்படி காணிக்காரரோடு பேசி எழுத்தில் பெற முயலுங்கள். பிரதேச செயலகத்தில் காணிப் பத்திரத்துக்காகத் தனித்தனியே அலையாமல் கூட்டாகச் செல்லுங்கள்.

எங்களைப் போன்ற தொண்டர்களுக்கும் ஒரு சொல் உண்டு. எத்தனை கிடங்கு வெட்டப்பட்டது என்று எண்ணாதிருப்போம். நாங்கள் போய் இரண்டு ஆண்டுகளின் பின் எத்தனை கிடங்கில் எரு இருக்கிறது என்று எண்ணுவோம்.

அண்மையில் அந்த அம்மாவை மீண்டும் சந்தித்தேன். காணிக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது, ஐந்து வருடக் குத்தகைக்கு மகனைக் கொண்டு எழுதுவித்திருக்கிறார். வேலியில் கிளிசரியா நிற்கிறது. பழைய கிடங்கைக் காட்டி, "சுவாமி, குப்பையை அள்ளிப்போட்டன். இந்த முறை ஒருத்தரும் காசு தரேல்லை," என்றார்.

குழுவாகக் கலந்துரையாட

1. நீங்கள் விரைவாக ஏற்றுக்கொண்ட ஒரு புதிய முறை எது? ஏற்கத் தயங்கிய ஒரு முறை எது? ஐந்து கேள்விகளிலும் இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

2. போர்க்காலத் தடையின்போது உங்கள் குடும்பம் செய்த முறைகளில் எது நல்லது? அது ஏன் கைவிடப்பட்டது?

3. உங்கள் கிணற்றில் எத்தனை குடும்பங்கள் தண்ணீர் எடுக்கின்றன? கிணற்றைச் சுற்றி என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்பதற்கு நீங்கள் சேர்ந்து எழுதக்கூடிய முதலாவது விதி எது?

4. உங்கள் காணியின் எந்தப் பாத்தியில், எந்த மாதத்தில் தொடங்குவீர்கள்? உங்களோடு சேரக்கூடிய அயலவர் யார்?